அறுபத்து நான்காவது கட்டை

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும்.

சதுப்பின் கரையில், மண்சாலை முடிகிற இடத்தில் இருந்த கடைசி வீடு அது. முன்பக்கம் இரண்டு அறைகள், பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டித் தகரம் போட்ட ஒரு சார்ப்பு. சார்ப்பில் தையல் மிஷின். மிஷினுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கோரையும் கறுத்த தண்ணீரும்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு மேடு. எந்த மழைக்கும் அந்த மேடு மட்டும் முழுகாது என்று சொல்வார்கள். வீட்டின் முன்சுவரில் சிவப்புச் சாயத்தில் 37 என்று எழுதியிருந்தது. புதிதாக வரப்போகிற நாலுவழிச் சாலைக்காக இடிக்கவேண்டிய வீடுகளில் அது முப்பத்தேழாவது.

முன்னறை ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். சாலைக்கு மண் கொட்டி மூடுவதற்கு முன்னால், சதுப்புக்குள் பழங்காலத்து மனிதர்கள் விட்டுப்போனது ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். அதற்காக வந்த குழுவில் பதிவேடு எழுதுகிறவன் நான். எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன பொருள், யார் கண்டது, என்ன காலம் என்று ஐந்து கட்டங்கள். அவற்றை நிரப்புவது என் வேலை.

வீட்டுக்காரர் எங்கள் குழுவிலேயே கூலிக்குச் சேர்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம். வாலிபத்தில் தூர்வாரும் கப்பலில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். எட்டடி நீள இரும்புக் கம்பி, மேலே குறுக்குக் கைப்பிடி. அதை ஓரடிக்கு ஓரடி சேற்றில் இறக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று கையாலேயே படித்துச் சொல்வார். எல்லோருக்கும் அவர் கம்பிக்காரர்.

"சேறு பேசும் சார். கேக்கத்தான் ஆளு வேணும்" என்பார். "கல்லுன்னா பல்லுல வந்து அடிக்கும். வேருன்னா வழுக்கிட்டு ஓடும். மனுஷன் வெட்டிப் போட்ட கட்டைன்னு வைங்க, கதவத் தட்டின மாதிரி இருக்கும். உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணும்."

"யாராவது 'யாரது'ன்னு கேட்டிருக்காங்களா?" என்று அவர் மனைவி சார்ப்பிலிருந்து கேட்பார்.

"கேட்டா உன் பேரச் சொல்லிடுவேன். நீ போய்ப் பேசிக்க."

மனைவி மெத்தை உறைகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் இல்லை. ஒருமுறை உண்டாகி நாலாம் மாதமே கலைந்துவிட்டதாகக் கம்பிக்காரர் தாமாகவே ஒருநாள் சொல்லியிருந்தார். அப்போது அவர் கப்பலில் இருந்தாராம். பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

வேலை முடிந்து ஈரத்தோடு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்குத் தும்மல் வரும். எப்போதும் இரண்டு. மூன்று வராது, ஒன்றோடு நிற்காது. அக்கா முதல் தும்மலுக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். இரண்டாவது முடிந்ததும் பக்கத்தில் நகர்த்துவார். பேச்சு நிற்காமலேயே இது நடக்கும்.

இரண்டாவது மாதத்தில்தான் அந்தக் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்குப் பின்புறம், கரையிலிருந்து ஆறாவது அடியில் கம்பிக்காரர் கம்பியை இறக்கியவர் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்தார். மறுபடி மெல்லத் தூக்கி இறக்கினார்.

"மேடம், கொஞ்சம் வாங்க."

எங்கள் குழுவை நடத்துகிற ஆய்வாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அதிகம் பேசமாட்டார். பலகை போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து, மரக்கரண்டியாலும் விரலாலும் சேற்றை வழித்து எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டை தெரிந்தது. கை நீளம், கருகியது போன்ற கறுப்பு. குறுக்காகக் கிடந்தது; நகராமலிருக்க இரண்டு பக்கமும் முளைக்குச்சி. அதற்கு அடுத்து ஒன்றரை அடியில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. சேற்றில் கால் புதையாமல் நடப்பதற்காக யாரோ போட்ட பாதை. அது நேராக மேட்டைப் பார்த்துப் போயிற்று.

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது.

"வெட்டின தழும்பு வலத்துலேருந்து சாயுது. வெட்டினவர் இடது கைக்காரர். எழுதிக்கங்க. கட்டைக்கும் கட்டைக்கும் ஒன்றரை அடிகூட இல்ல. நல்லா நடக்கிற ஆளுக்கு இவ்வளவு நெருக்கமாப் போடவேண்டியதில்ல. எட்டு வைக்க முடியாத யாருக்காகவோ போட்டிருக்காங்க. மேல்பக்கம் தேயவே இல்ல. ஒரு நாளோ ரெண்டு நாளோதான் நடந்திருக்காங்க."

கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வெட்டு மட்டும் ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார். அதை எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

இரவுச் சாப்பாட்டில் கம்பிக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, அந்தக் காலத்துலயும் எங்க அக்கா மாதிரி ஒரு நொட்டாங்கை இருந்திருக்கு! அவளுக்குச் சொல்லி அனுப்பணும். நம்ம பாட்டன் பூட்டன் யாரோ சதுப்புல ரோடு போட்டிருக்கான்னு."

அவருடைய கூடப்பிறந்த அக்கா ஆற்றுத்துறையில் ஓடம் ஓட்டுகிறவர்; எல்லோருக்கும் ஓடக்காரம்மா. இடது கைக்காரர். நான் இரண்டு முறை அந்த ஓடத்தில் போயிருக்கிறேன். கழியை அவர் ஊன்றுகிற பக்கமே வேறாக இருக்கும்.

நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவி உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டி தட்டில் படாமல் ஓரத்தில் பட்டு, ஒரு துண்டு தரையில் உருண்டது. அதைக் குனிந்து எடுத்தவர் நிமிர நேரமாயிற்று.

"ஆழம் எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டடி இருக்கும் அக்கா."

"அவ்வளவுதானா? பழசுன்னா இன்னும் அடியில இல்ல இருக்கணும்?"

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றார் கம்பிக்காரர். "முன்னாடி இங்க அடுப்பெரிக்க இந்தக் கருஞ்சேத்த வெட்டிக் காயவச்சு எடுத்துட்டுப் போவாங்கல்ல, அதுல மேல் மண்ணு போயிடுச்சாம். அதனால பழசெல்லாம் மேல வந்துடுச்சுன்னு மேடம் சொன்னாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

ஒரு கட்டையின் துண்டைச் சோதனைக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. மூவாயிரத்து நூறு வருஷம்.

ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் அதுவரை அப்படியொன்று கிடைத்ததில்லை. சாலை ஆபீசுக்குத் தகவல் போயிற்று. பாதை எங்கே போகிறது என்று கண்டு முடிக்கும்வரை எந்த வேலையும் கூடாது; அநேகமாகச் சாலையைச் சதுப்புக்குத் தெற்கே ஒதுக்கிக்கொண்டு போவார்கள். அப்படியானால் முப்பத்தேழாம் எண் வீடு தப்பியது.

கம்பிக்காரர் அன்றே தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முன்சுவருக்குப் போனார். தேய்த்தார், தேய்த்தார். சாயம் போகவில்லை, இளஞ்சிவப்பாகப் பரவியது.

"விடுங்க அண்ணே, ஆர்டர் கைக்கு வரட்டும்" என்றேன்.

"ஆர்டர் வரட்டும் சார், வேணாங்கல. நாலு வருஷமா வெளிய போகும்போதும் வரும்போதும் இந்த நம்பரப் பாத்துட்டுப் போறேன். தூக்குத் தண்டனைக் கைதிக்குத்தான் சட்டையில நம்பர் இருக்கும்." சொல்லி முடிக்கு முன் இரண்டு தும்மல்.

சார்ப்பில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. போய்ப் பார்த்தபோது அக்கா ஆள்காட்டி விரலை வாயில் வைத்திருந்தார். ஊசி நகத்தின் வழியாக இறங்கியிருந்தது. இருபது வருஷமாகத் தைக்கிறவர்.

அதற்குப் பிறகு தினம் ஆறு அல்லது ஏழு கட்டை. ஒவ்வொன்றையும் திறந்து, வரைந்து, படம் எடுத்து, ஈரத்துணி போட்டு மறுபடி சேற்றால் மூடி, பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி நடுவோம். காற்றுப் பட்டால் கட்டை வெடித்துவிடும். வீட்டுப் பின்புறத்திலிருந்து கொடிகள் ஒரே வரிசையாக மேட்டை நோக்கி நகர்ந்தன. மேட்டில் என்ன இருக்கும் என்பதே பேச்சாக இருந்தது. பாதை என்றால் ஓர் இடத்துக்குப் போகவேண்டும், அந்த இடம்தான் நமக்கு வேண்டும் என்றார் ஆய்வாளர். தேய்மானமில்லாத பாதை, நடக்கமுடியாத ஓர் ஆள். யாரையோ அடக்கம் பண்ணிய இடமாக இருக்கலாம் என்று ஊகித்தார்.

சாயங்காலம் நான் பூட்ஸைக் கழுவும்போது அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

"இன்னைக்கு எத்தனை தம்பி?"

"நாப்பத்தொண்ணு ஆச்சு அக்கா."

"அப்ப இன்னும் இருபத்துமூணு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதை எங்கே முடிகிறது, மொத்தம் எத்தனை கட்டை என்று ஆய்வாளருக்கே தெரியாது. ஏதோ குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் இருபது என்பார்கள், இருபத்தைந்து என்பார்கள். இருபத்துமூன்று என்று சொல்வதில்லை. இது எனக்கு அன்றே உறைத்திருக்கவேண்டும்.

ஐம்பத்தெட்டாவது கட்டைக்கு மறுநாள் மழை. வேலை இல்லை. கம்பிக்காரர் வளைந்துபோன கம்பியை நிமிர்த்தப் பட்டறைக்குப் போயிருந்தார். நான் என் அறையில் பதிவேட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஓடக்காரம்மா குடையோடு வந்தார். அக்கா சொல்லி அனுப்பியிருந்தார் போல. எனக்கும் சமையலறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு ஒன்றுதான்.

"அம்பத்தெட்டு ஆயிடுச்சு அண்ணி" என்றார் அக்கா.

"எது?"

"எதுன்னு கேக்கறீங்களே. நீங்க போட்டதுதான்."

குடையைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது.

"மூவாயிரம் வருஷத்துப் பாதைன்னு துறையில எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்றார் ஓடக்காரம்மா. "எங்கயோ தள்ளி இருக்கும்னு நெனச்சேன். இதுவா? அது மக்கிப்போகலையா?"

"மக்கல. நம்ம பின்பக்கம் குவிச்சிருந்த கருங்கட்டைதான அண்ணி அது? சேறு வெட்டுறவங்க சதுப்புக்குள்ளேருந்து தோண்டிப் போட்டது. என்னைக்கோ விழுந்த மரம். நீங்க அத நறுக்கி நறுக்கி எடுத்துட்டுப் போய்ப் போட்டீங்க. இவங்க கட்டைக்கு என்ன வயசுன்னு கேட்டிருக்காங்க. அது சொல்லிடுச்சு. வெட்டின கைக்கு என்ன வயசுன்னு யாரும் கேக்கல."

என் பேனா நின்றுவிட்டது. மையில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவனுக்கு..." என்றார் ஓடக்காரம்மா.

"தெரியாது. தினம் வந்து சந்தோஷமாச் சொல்றாரு. இன்னைக்கு ஏழு, இன்னைக்கு ஆறுன்னு. நான் சோறு போட்டுட்டு நிக்கறேன். நாளான்னைக்கு மேட்டத் தோண்டப் போறாங்க. தோண்டுறதே இவருதான் அண்ணி."

"நான் அன்னைக்கே எழுதியிருக்கணும்."

"நீங்க எழுதினீங்க. நாலாம் மாசமே கலைஞ்சு போச்சுன்னு எழுதினீங்க."

"ஆமா, எழுதினேன். ஏழு மாசம் முடிஞ்சு உசுரோட பொறந்து, ஒரு ராத்திரியும் மறுநாள் உச்சி வரைக்கும் இருந்துச்சுன்னு எழுதியிருந்தா அவன் கப்பல்லேருந்து குதிச்சிருப்பான். ஊரெல்லாம் வெள்ளம். மருத்துவச்சி வரமுடியல, இடுகாடு முழுகிக் கெடக்கு. உன்னையும் சேத்துப் பறிகொடுத்துடுவேனோன்னு நான் நடுங்கிட்டிருந்தேன். வந்தப்பறம் நேர்ல சொல்லிக்கலாம்னுதான நெனச்சோம்? வந்தான். வாசல்லயே உன் தலையத் தொட்டு என்ன சொன்னான்? 'விடு, நாலு மாசந்தான. நல்லவேளை, மொகம் பாக்கல'ன்னான். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. எந்த வாயால சொல்றது?"

அக்கா அழவில்லை. கணக்காகத்தான் பேசினார். "சொன்னா வீடு போயிடும் அண்ணி. பழைய பாதை இல்லைன்னு ஆயிட்டா ரோடு இப்படியே வரும். சொல்லலைன்னா அவரு கையாலயே தோண்டி எடுப்பாரு. எடுத்து, நம்பர் எழுதிப் பையில போட்டு, இந்தத் தம்பி அத நோட்டுல எழுதும்."

"மண்ணோட மண்ணாப் போயிருக்கும்டி. பத்தொம்பது வருஷம்."

"இந்தச் சேத்துல எதுவும் மக்கறதில்ல அண்ணி. முளைக்குச்சியிலயே இன்னும் பட்டை உரியல. என்ன சுத்தி வச்சோம்னு ஞாபகம் இருக்கா?"

அக்கா தாமே சொன்னார்.

"அவரோட நீலச் சட்டை. நாலு பட்டன் வெள்ளை, மேல் பட்டன் மட்டும் நான் மாத்தித் தச்ச கறுப்பு. அவரு பாத்தா தெரியாதா?"

நான் நாற்காலியை நகர்த்தியிருக்கக் கூடாது. அது கிரீச்சிட்டது. பிறகு அக்கா என் வாசலில் வந்து நின்றார். பத்துப் பதினைந்து நாளில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சு அக்கா."

"நீங்க சொல்லிடாதீங்க. நான் சொல்லணும். நான்தான் சொல்லணும்."

அன்று சாயங்காலம் கம்பிக்காரர் நிமிர்ந்த கம்பியோடும் ஒரு டப்பா வெள்ளைச் சாயத்தோடும் வந்தார். மழை விட்ட வெளிச்சத்தில் முன்சுவரில் அந்த எண்ணின்மேல் ஒரு பூச்சு அடித்தார். தம் அக்காவைப் பார்த்து, "என்ன, நம்ம வம்சத்து ரோட்டப் பாக்க வந்தியா? டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள விடுவேன்" என்றார். ஓடக்காரம்மா குடையை விரித்துக்கொண்டு, "துறையில ஆளு காத்திருக்கும்" என்று இறங்கிப் போய்விட்டார். மழை நின்றிருந்தது.

"இவளுக்கு என்னாச்சு?"

சாப்பிடும்போது அக்கா, "ஏங்க" என்றார்.

"என்ன?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீனுக்கு உப்பு போதுமா?"

"தூக்கலா இருக்கு. பரவால்ல." இரண்டு தும்மல் வந்தது. தட்டு தள்ளப்படவில்லை.

மறுநாள் அறுபதாவது கட்டையோடு பாதை மறைந்தது. நேராக அடுத்த ஒன்றரை அடியில் கம்பி போட்டார், ஒன்றுமில்லை. மூன்றடி, ஆறடி, எட்டடிக் கம்பி முழுக்க இறங்கியும் அடி தட்டவில்லை. ஆளை விழுங்குகிற பள்ளம். அன்று பொழுது அதிலேயே போயிற்று.

"பாதையை அப்பறம் தேடிக்கலாம். மேடு அந்தா இருக்கே" என்றார் ஆய்வாளர்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளத்தின் வலப்பக்கமாக நீளப் பலகைகள் போட்டு மேட்டுக்குப் போனோம். ஆய்வாளர், கம்பிக்காரர், நான். மேட்டின் உச்சியில் பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடம் மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. கம்பிக்காரர் அதைச் சுற்றிக் கயிறு கட்டினார். சட்டைக் கையை மடித்து மண்வெட்டியை எடுத்தார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே பதிவேட்டைப் பிரித்துத் தேதி எழுதினேன்.

கரையில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

அக்கா வந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. கையில் ஒன்றுமில்லை. புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, சிவப்புக் கொடிகளின் வரிசையில் ஒவ்வொரு கொடியருகிலும் ஒரு காலை வைத்து, கீழே பார்க்காமல் எங்களைப் பார்த்தபடி வந்தார். எட்டு எல்லாம் சின்னச் சின்ன எட்டு. அறுபதாவது கொடி வந்தது.

"ஏய், நில்லு!" என்று கத்தினார் கம்பிக்காரர். "அதுக்கு மேல இல்ல! ஆழம், ஆழம்! அப்படியே நில்லு, பலகை கொண்டாரேன்!"

அக்கா நிற்கவில்லை. அறுபதாவதிலிருந்து நேராக வராமல் இடதுபக்கமாக, கொடி எதுவும் இல்லாத கறுப்புத் தண்ணீரில் காலை வைத்தார்.

முழங்காலுக்குக் கீழ்வரைதான் இறங்கியது. நின்றது. அடுத்த கால். நின்றது. அவர் உதடு அசைந்தது, எண்ணுகிறார். மூன்றாவது எட்டு. நான்காவது. நான்காவதிலிருந்து மேட்டின் சரிவில் கை ஊன்றி ஏறினார்.

கம்பிக்காரரின் கையில் மண்வெட்டி பாதி ஓங்கியபடி நின்றது. வாழ்நாளெல்லாம் சேற்றைத் தொட்டே படித்தவர். ஒரு கால் சேற்றில் எதன்மேல் நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவர் முகத்தில் பயம் முதலில் போயிற்று. அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. துடைத்த பலகைபோல இருந்தது.

"அங்க கட்டை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நடந்திருக்கேன்."

"எப்போ?"

"நீங்க கப்பல்ல இருந்தப்போ. அண்ணிதான் போட்டாங்க. எனக்கு எட்டு வைக்க முடியலைன்னு கிட்ட கிட்ட போட்டாங்க." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அங்க தோண்டாதீங்க. அங்க நம்ம புள்ள இருக்கு."

அவர் சிரித்தார். "என்ன சொல்ற? நாலு மாசத்துல ஏது புள்ள?"

"நாலு மாசம் இல்லீங்க. ஏழு முடிஞ்சுது. ஒரு ராத்திரி இருந்துச்சு. மறுநாள் உச்சி வரைக்கும் இருந்துச்சு."

"உசுரோடவா?"

"உசுரோட."

மண்வெட்டி கீழே விழவில்லை. அதை மெதுவாக, மண்ணில் படாமல், கயிற்றுக்கு வெளியே புல்லின்மேல் படுக்க வைத்தார். பிறகு தாமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அமுங்கியிருந்த அந்த இடத்துக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். காலை இழுத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பதிவேட்டில் நேரம் எழுதுகிறவன் நான், அன்றைக்கு எழுதவில்லை.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"அழுதுச்சா?"

"அழல. அழறதுக்குத் தெம்பில்ல." அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். "தும்முச்சு."

அவர் தலையைத் தூக்கினார்.

"ரெண்டு தும்மல். அண்ணியும் நானும் மூணாவது வருமோன்னு பாத்தோம். வரல."

கம்பிக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கி நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி குலுங்கியது.

ஆய்வாளர் கையுறைகளைக் கழற்றினார். கட்டியிருந்த கயிற்றைத் தாமே அவிழ்த்துச் சுருட்டினார். போகும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி, "வெட்டு சுத்தமா, இந்தக் காலத்துக் கோடாலி மாதிரி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. மூவாயிரம்னு ரிப்போர்ட் வந்ததும் அத மறந்துட்டேன்" என்றார். இருவரையும் அங்கேயே விட்டுவிட்டுப் பலகை வழியாகக் கரைக்கு வந்தோம்.

அறிக்கையை அவரே எழுதினார். சதுப்பிலேயே கிடந்த பழைய மரத்தைப் பிற்காலத்தில் வெட்டிப் போட்ட பாதை. பாதுகாக்கவேண்டிய தொன்மை எதுவும் இல்லை. மேட்டில் தோண்டவில்லை, தோண்டத் தேவையுமில்லை. மேடு சாலைக் கோட்டுக்கு வெளியே முப்பதடி தள்ளி இருந்தது. வீடு கோட்டுக்கு உள்ளே இருந்தது. பத்து நாளில் ஓர் ஆள் சிவப்புச் சாயத்தோடு வந்து, வெள்ளைப் பூச்சின்மேல் அதே இடத்தில் 37 என்று எழுதிவிட்டுப் போனான். வெள்ளையில் எழுதியதால் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

அந்தப் பத்து நாளில் வீட்டில் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. சாப்பாடு நடந்தது, மிஷின் ஓடியது. கம்பிக்காரர் ஒருநாள் ஓடத்துறைக்குப் போய், ஓடத்தில் ஏறாமல், எதிர்க்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்த தம் அக்காவைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாராம். ஓடக்காரம்மாவும் கூப்பிடவில்லையாம்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் அவர் என் அறைக்கு வந்தார். பதிவேட்டைக் கட்டிவைத்திருந்தேன்.

"அதுல எங்க பாதைக்கு என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

வாசித்தேன். காலம் மூவாயிரத்து நூறு என்ற கட்டத்தில் ஆய்வாளர் சொன்னபடி கோடு போட்டு அடித்திருந்தேன். மற்றதையும் அடிக்கவேண்டுமா என்று தெரியாமல் விட்டிருந்தேன். வெட்டியவர் இடது கைக்காரர். எட்டு வைக்க முடியாத ஒருவருக்காக நெருக்கமாகப் போடப்பட்டது. ஒரு நாளோ இரண்டு நாளோதான் நடந்திருக்கிறார்கள்.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை வாசித்தேன். சார்ப்பில் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"இந்த மூணையும் அடிக்காதீங்க. அதெல்லாம் சரிதான்." விரலால் பக்கத்தில் தடவினார். "அறுபதோட நிறுத்தியிருக்கீங்களே. அதுக்கு மேல நாலு இருக்கு. நேத்து கம்பி எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டேன். அறுபத்தொண்ணு, ரெண்டு, மூணு கொஞ்சம் சாஞ்சிருக்கு. அறுபத்துநாலு கெட்டியா இருக்கு. எழுதுங்க."

இடம், ஆழம், பொருள் என்று எழுதிக்கொண்டே வந்து, யார் கண்டது என்ற கட்டத்தில் நிறுத்தினேன். மேலே அறுபது வரிகளிலும் அவர் பெயர் இருந்தது. பழக்கத்தில் அதையே எழுதப் போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இல்ல" என்று சார்ப்புப் பக்கம் பார்த்தார். "அவ பேர எழுதுங்க."